பாசி டீச்சர்

அம்பகரத்தூர் சாலையில் பஸ் நிற்கும் இடத்தில், டவுன் பஸ் போய்விட்டதா என்று யார் கேட்டாலும் அந்த அம்மா போய்விட்டது என்றோ போகவில்லை என்றோ சொல்ல மாட்டார். தான் வந்து கால் மணி நேரம் ஆகிறது, அதற்குள் போகவில்லை என்பார். அதற்கு முன்னால் போயிருக்குமா என்று திரும்பக் கேட்டால், "அத நான் பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கேட்டவர் அங்கேயே நிற்பதா, நடையைக் கட்டுவதா என்று தெரியாமல் முழிப்பார். நானும் அப்படி முழித்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அந்த ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு நர்ஸாகப் போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு கோவில்பத்தில். காலையில் ஒரு பஸ்ஸில் போய், சாயங்காலம் நாலரை பஸ்ஸில் திரும்புவேன். நிலையம் என்பது ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பீரோ. அதை ஒட்டிய கட்டடம் பால்வாடி. அந்த அம்மாதான் பால்வாடி டீச்சர். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. நடக்கும்போது தரையைப் பார்த்து நடப்பார். பேசும்போது மட்டும் நம் முகத்தை நேராகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்வது கஷ்டம் என்று ஊரில் சொல்வார்கள். கஷ்டம்தான், ஆனால் முடியாத காரியமில்லை. நான் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய கணவர் கல்யாணமான மூன்றாம் வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேசியாவுக்குப் போனவர். முதலில் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அங்கே ஏதோ விபத்தில் இறந்துவிட்டதாக, ஊர் திரும்பிய ஒருவர் சொல்லியிருக்கிறார். காரியம் செய்துவிடலாம் என்று கொழுந்தனார்கள் வந்து உட்கார்ந்தபோது, சொன்ன ஆள் உடம்பைப் பார்த்தாரா என்று இவர் கேட்டார். பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான் என்றார்கள். அதோடு எழுந்து உள்ளே போய்விட்டாராம். அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவர் நெற்றியில் குங்குமம் இருந்தது. கணவர் உயிரோடு இருக்கிறார் என்றும் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. விசேஷ வீடுகளில் அந்தக் குங்குமத்தைப் பார்த்துப் பெண்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவதை நான் கவனித்திருக்கிறேன். அவரும் கவனித்திருப்பார்.

அந்த ஊரில் பிள்ளைகளுக்கு மாலைக்கண் இருந்தது. பொழுது சாய்ந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் பிள்ளைகளை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். அம்மாக்கள் நடவுக்கும் களைக்கும் போனார்கள். பிள்ளைகளுக்குக் கஞ்சி, சோறு, கொஞ்சம் உப்பு. வரப்பில் கீரை கிடந்தாலும் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தால் வயிற்றால் போகும் என்று கொடுக்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ எண்ணெய் மருந்தை ஒரு கரண்டி வாயில் ஊற்றிவிட்டு ரிஜிஸ்டரில் குறிப்பது என் வேலைகளில் ஒன்று. மருந்து சில சமயம் வரும், சில சமயம் வராது.

அப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் நாலு பேர் ஜீப்பில் வந்தார்கள். பால்வாடிக்குப் பின்னால், முழங்கால் உயரம்கூட இல்லாத இரண்டு சிமெண்டுத் தொட்டிகளைக் கட்டினார்கள். தண்ணீரில் சோடா உப்பும் இன்னும் ஏதேதோ உப்புகளும் கரைத்து, ஒரு கேனில் கொண்டுவந்த கரும்பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றினார்கள். சுருள்பாசி என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பாசி. பத்து நாளில் தொட்டி முழுவதும் பச்சையாகிவிட்டது. அதைத் துணியில் வடிகட்டிப் பிழிந்து, இடியாப்பம் மாதிரிப் பிழிந்து காயவைத்துப் பொடிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தினம் ஒரு சின்னக் கரண்டி. பப்பாளியிலும் கேரட்டிலும் இருக்கிற மஞ்சள் சத்து, கரோட்டின், இந்தப் பச்சைக்குள் மறைந்திருக்கிறது, உடம்பு அதிலிருந்து கண்ணுக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும் என்று அவர்களில் ஒருவர் விளக்கினார். நான் தலையாட்டினேன். டீச்சர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். "மஞ்சள் எங்கங்க இருக்கு?" என்று கேட்டார். உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்றார் அவர்.

ஒரு வாரம் பயிற்சி கொடுத்துவிட்டு ஜீப் போய்விட்டது. மறுநாளே பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். டீச்சர் ஆரம்பிக்கவில்லை. ஒரு மாதம் தான் மட்டும் சாப்பிட்டார். தினமும் காலையில் ஒரு கரண்டிப் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். நாக்கும் பல்லும் பச்சையாகிவிடும். அந்த வாயோடுதான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். வயிறு எப்படி இருந்தது, தூக்கம் எப்படி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார்.

மாதம் முடிந்து அம்மாக்களைக் கூப்பிட்டார். ஏற்கெனவே ஊரில் பேச்சு பரவியிருந்தது. குளத்துப் பாசியைப் பிள்ளைகளுக்கு ஊட்டப் போகிறாள் என்று சிலர் கொதித்துப் போய் வந்திருந்தார்கள். இதைச் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா என்று ஒரு பெண் கேட்டாள். டீச்சர், "ஒரு மாசமா நான் தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகல. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும். அவரைத் தனியே இழுத்து, நல்லது என்று சொல்லுங்கள், அதுதான் நம் வேலை என்று கடிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் நீங்களே அம்மாக்களிடம் சொல்லுங்கள் என்றார். நானும் பார்க்கவில்லை. இருந்தும் எழுந்து நின்று, இது ரொம்ப நல்லது, கண்ணுக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது என்று பேசினேன். ஆராய்ச்சிக்காரர்கள்கூட அவ்வளவு சொல்லவில்லை.

ஆனால் பிள்ளைகள் வந்தது என் பேச்சினால் இல்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், நல்லது நல்லது என்று சொல்லி ஏமாற்றிவிட்டுப் போனவர்கள்தான் இதுவரை வந்திருக்கிறார்கள், தெரியாது என்று சொன்னது இந்த அம்மா மட்டும்தான் என்று சொல்லித் தன் மகளை முன்னால் தள்ளினாள். மகள் பெயர் செல்வி. நாலு வயது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பதினாலு வீடுகள் கொண்ட தெருவில் அவர்கள் இருந்தார்கள்.

பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் சேர்த்துப் பொடியை உருண்டையாகப் பிடித்துக் கொடுத்தார் டீச்சர். மூன்றாம் நாள் காலையில் ஐந்தாறு அம்மாக்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பிள்ளைகள் கரும்பச்சையாக வெளிக்குப் போயிருந்தன. டீச்சர் தன் நோட்டைப் பிரித்து, தனக்கும் மூன்றாம் நாள் அப்படித்தான் போயிற்று என்று எழுதியிருந்ததைக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்தான் அவர்கள். இருந்தாலும் நோட்டை வாங்கி ஒவ்வொருவரும் பார்த்தார்கள்.

அவர் வாரா வாரம் ஒரு பரீட்சை வைப்பார். அன்றைக்கு மட்டும் நான் ஆறரை பஸ்ஸில் திரும்புவேன். விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன், பால்வாடி வாசலில் ஒரு பொரி உருண்டையைத் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை அங்கிருந்து எடுத்துவரச் சொல்வார். முதல் வாரம் செல்வி கையைத் தரையில் துழாவிக்கொண்டே தவழ்ந்தாள். அவளைத் தூக்கிக் கையில் உருண்டையைக் கொடுத்துவிட்டு, நோட்டில் 'எடுக்கவில்லை' என்று எழுதினார். ஆறாவது வாரம் அவள் நேராக நடந்துபோய் எடுத்தாள். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாசிதான் பார்வையைக் கொடுத்தது என்று நான் சொன்னேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. முருங்கைக்கீரையும் வாரம் இரண்டு நாள் போட்டோம், பப்பாளியும் கொடுத்தோம், எது செய்தது என்று எப்படிச் சொல்வது என்றார். நோட்டில் 'எடுத்தாள்' என்று மட்டும் எழுதினார்.

அவர் வாய்விட்டுச் சிரித்ததை ஒரு முறைதான் பார்த்தேன். விடாமல் பெய்த மழையில் ஒரு தொட்டியில் தண்ணீர் புகுந்து, உப்பெல்லாம் நீர்த்துப் பாசி சாக ஆரம்பித்தது. இரண்டாம் நாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பச்சை வெளுத்து, தொட்டி முழுவதும் பழுத்த இலை மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. இத்தனை நாள் உழைப்பு வீணாய்ப் போனதே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, "இப்பப் பாத்தேன், நர்ஸம்மா. உள்ள மஞ்சள் இருக்கு" என்று சிரித்தார். அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மற்ற தொட்டியிலிருந்து பாசி எடுத்து மறுபடியும் வளர்த்தார்.

அந்த மழைக் காலத்தில்தான் நான் அதைச் செய்தேன். எண்ணெய் மருந்து வந்திருந்தது. ஊருக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மட்டும் பாக்கி. வாய்க்காலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. குறுக்கே கிடந்த பனைமரம் வழுக்கியது. மணி நாலு ஆகிவிட்டது, நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் பாசி சாப்பிடுகிற பிள்ளைகள்தானே என்று நினைத்தேன். கண்ணுக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது என்று நானே சொல்லியிருந்தேன், சொன்னதை நானே நம்பவும் ஆரம்பித்திருந்தேன். நிலையத்துக்குத் திரும்பி, பதினெட்டுப் பெயர்களுக்கு எதிரிலும் 'கொடுக்கப்பட்டது' என்று குறித்தேன். பிள்ளைகளின் மருந்து விவரம் எழுதும் வீட்டு அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றில் குறிப்பதை மறுநாள் பால்வாடியிலேயே முடித்துக்கொண்டேன். அம்மாக்கள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பால்வாடியிலேயே ஊற்றியிருப்பேன் என்று நினைத்திருப்பார்கள்.

சில நாட்களில் மணல்வாரி அம்மை வந்தது. செல்விக்கும் கண்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அம்மை கண்ட பிள்ளைக்கு எண்ணெய், தாளிப்பு, வெளிச் சாப்பாடு எதுவும் ஆகாது. பாசி உருண்டையும் நின்றது. வெறும் கஞ்சித் தண்ணீர். அதுவும் வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. அம்மை இறங்கத் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகும் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் செல்வியின் அப்பா பால்வாடிக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, பாசிப் பொடி ஒரு பொட்டலம் வேண்டும் என்று கேட்டார். நான் அப்போது அங்கேதான் எடைத் தராசைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அம்மை கண்ணில் இறங்கியிருக்கிறது, கண்ணுக்கு இதுதான் பெரிய மருந்து என்று நர்ஸம்மா சொன்னார்களே, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். நான் தராசை விட்டு நிமிரவில்லை.

டீச்சர் பொட்டலம் கட்டவில்லை. பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றார். அம்மை வீட்டுக்குள் வெளியார் வரக் கூடாது என்று அப்பா தயங்கினார். டீச்சர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தார். அங்கே நடந்ததை செல்வியின் அம்மா பிறகு என்னிடம் சொன்னாள். செல்வியின் அத்தைக்காரி வாசலில் குறுக்கே நின்றிருக்கிறாள். டீச்சர் வாய்க்காலில் இறங்கித் தலை முழுகிவிட்டு ஈரப் புடவையோடு வந்து நின்றார். அதற்கு மேல் மறிக்க முடியவில்லை. பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிவரச் சொல்லி, இமையை விலக்கிப் பார்த்திருக்கிறார். இடது கண்ணின் கறுப்பு, தேய்ந்த கண்ணாடி மாதிரி மங்கி, நடுவில் சோற்றுப் பருக்கை அளவு வெளுத்திருந்தது. வலது கண் பளபளப்பில்லாமல் காய்ந்திருந்தது.

"பாசிய ரெண்டு மடங்காக் குடுத்தா போதும்ல?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"போதாது. அது சோறு மாதிரி, நாளாகித்தான் உடம்புல சேரும். இதுக்கு மருந்து வேணும், இன்னிக்கே வேணும்."

அவர் இப்படி அடித்துப் பேசி யாரும் கேட்டதில்லை. எப்படித் தெரியும் என்று அத்தைக்காரி கேட்டாள். "எந்தங்கச்சிக்குப் பாத்தேன். ரெண்டு கண்ணும் போச்சு" என்றாராம். அந்தத் தங்கையைப் பற்றி அதற்கு முன்பும் பின்பும் அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

ஈரப் புடவையோடு நிலையத்துக்கு ஓடிவந்தார். பின்னாலேயே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா. பீரோவில் எண்ணெய் மருந்து பாதி பாட்டில் இருந்தது. பிள்ளையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கை பீரோச் சாவியைத் தேடியது. அப்போது டீச்சர், "இந்தப் புள்ளைக்குப் போன தடவ மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"குடுத்தேன்" என்றேன்.

சொன்ன பிறகு அந்தப் பொய்யின் பின்னாலேயே போக வேண்டியதாகிவிட்டது. ஒரு கரண்டி கொடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது, உடனே இன்னொன்று கொடுத்தால் அதிகமாகிவிடும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சரி என்றேன். ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் மாதக் கணக்கில் இடைவெளி வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். கண் கெடுகிற பிள்ளைக்கு அந்தக் கணக்கைப் பார்க்கக் கூடாது, கண்டவுடன் ஊற்ற வேண்டும் என்பதும் அதே வகுப்பில்தான் சொன்னார்கள். எனக்கு முதல் பாதிதான் வாயில் வந்தது. சாவி கையில் இருந்தது. பீரோ மூன்றடி தூரத்தில் இருந்தது. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நீங்களும் வாங்க" என்றார்.

சனிக்கிழமை, திருநள்ளாற்றில் சனீஸ்வரன் கோவில் கூட்டம் இருக்கும் என்பதைக் காரைக்கால் பஸ் ஏறின பிறகுதான் உணர்ந்தோம். திருநள்ளாற்றுக்கு அரை மைல் இருக்கும்போதே பஸ் நின்றுவிட்டது. சாலை முழுவதும் ஈரத் தலையோடு பக்தர்கள், வெளியூர் வண்டிகள், எள் விளக்குக் கடைகள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. வெளிச்சம் பட்டால் பிள்ளை முனகினாள். அப்பா அவள் முகத்தைத் துண்டால் மூடி, துண்டுக்கு மேலேயே கையையும் வைத்துக்கொண்டிருந்தார். என் பையில் அந்த மருந்து பாட்டில் இல்லை. அதை எடுத்து வரக்கூட எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. பஸ் நின்ற நேரம் முழுவதும் நான் நினைத்தது பிள்ளையை இல்லை, ரிஜிஸ்டரைத்தான்.

டீச்சர் எங்களை இறக்கிவிட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் நடந்தார். ஊரைத் தாண்டிக் காரைக்கால் பக்கம் திரும்பி நின்ற ஒரு வாடகைக் காரின் முன்னால் போய் நின்றுகொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் நகரவில்லை. பிள்ளைக்குக் கண் போகப் போகிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். உள்ளே இருந்த பெரியவர் தலையை நீட்டி, போனால் காப்பாற்றிவிடலாமா என்று கேட்டார். ஆம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. "தெரியாதுங்க. போகலன்னா என்னாகும்னு தெரியும்" என்றார் டீச்சர். பெரியவர் தன் குடும்பத்தை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொள்ளச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையை மேசையில் கிடத்தி டார்ச் அடித்துப் பார்த்தார். வீட்டு அட்டையை வாங்கிப் படித்தவர், மூன்று வாரம் முன்னால்தான் மருந்து போயிருக்கிறது, அப்படியானால் இது வேறு ஏதோ, கண்ணில் என்ன பச்சிலை பிழிந்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டார். அவர் எதுவும் பிழியவில்லை என்று பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொன்னார். டாக்டர் நம்பவில்லை. அவரைச் சீட்டு எழுதிவர அனுப்பிவிட்டு, டீச்சரிடம் திரும்பி, உண்மையைச் சொல்லுங்கள், மருந்து கொடுத்தது நிச்சயம்தானா என்று கேட்டார்.

"நான் பாக்கல டாக்டர். இவங்களக் கேளுங்க."

என்னைக் கை காட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரின் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"குடுக்கல சார்" என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. உள்ளே இருந்த நர்ஸைக் கூப்பிட்டு மருந்தைக் கொண்டுவரச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் அது செல்வியின் வாய்க்குள் போய்விட்டது. காலையிலேயே போயிருக்க வேண்டியது.

வலது கண் தப்பித்தது. இடது கண் வெளுத்துப் போயிற்று. காலையில் கொடுத்திருந்தால் அதுவும் தப்பித்திருக்குமா என்று பல நாள் கழித்து டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, தப்பித்திருக்காது என்றும் சொல்ல முடியாது என்றார்.

ஊர் தனக்குத் தெரிந்தபடி ஒரு முடிவுக்கு வந்தது. பாசி தின்ற பிள்ளைக்குக் கண் போய்விட்டது. உருண்டையை எந்தப் பிள்ளையும் வாங்கக் கூடாது என்று அம்மாக்கள் சொல்லி அனுப்பினார்கள். திட்டத்தைப் பார்வையிட வந்த ஒருவர், பாசி சாப்பிட்ட பிள்ளைகளின் பட்டியலிலிருந்து செல்வியின் பெயரை எடுத்துவிட்டால் போதும், பிரச்சினை இல்லை என்றார். டீச்சர் எடுக்கவில்லை. செல்வி எத்தனை நாள் சாப்பிட்டாள், எந்த நாளில் நின்றது, எந்தக் கண் போயிற்று என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்படி எழுதினால் தொட்டியை மூடிவிடுவார்கள் என்று வந்தவர் எச்சரித்தார். மூடும் வரைக்கும் கலக்கிவிடுகிறேன் என்றார் இவர்.

கலக்கினார். வேளைக்கு வேளை துடைப்பக் குச்சியால் தொட்டியைக் கலக்கி, வடித்து, பிழிந்து, காயவைத்து, டின்னில் போட்டு மூடினார். டின் நிறைந்தது. பிள்ளைகள் பார்க்கத் தான் மட்டும் ஒரு கரண்டி சாப்பிட்டார். ஜன்னல் வழியாக நான் இதைத் தினமும் பார்த்தேன். என்னிடம் அவர் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடமும் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

இருபது நாள் இப்படிப் போயிற்று. ஒரு மத்தியானம் என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பாசிதான் கெடுத்துச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. இல்லன்னு சொல்லணும்னா, நடந்தது என்னன்னு சொல்லணும். அத நான் பாக்கல, நர்ஸம்மா. உங்க வாயால கேட்டேன், அவ்வளவுதான். கேட்டத ஊர்ல போயிச் சொல்றது எனக்கு வராது." எழுந்துகொண்டார். "புள்ளைங்க இருவது நாளா வெறுங் கஞ்சி குடிக்குதுங்க."

போய்விட்டார்.

அடுத்த வாரம் எடை பார்க்கும் நாள். அம்மாக்கள் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். செல்வியின் அம்மாவும் சின்னதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நான் போகவில்லை. மருந்தைக் கொடுக்காமலே கொடுத்ததாக எழுதினேன். கண் கெட்ட அன்றைக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்கவில்லை. பாசியால் கண் போகவில்லை. அதே சமயம், கண்ணுக்கு அதைவிட மருந்து கிடையாது என்று நான் சொன்னதும் பொய்.

செல்வியின் அம்மா கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"மழை பெஞ்சுதே, அந்த வாரமா? அப்ப நாங்க எல்லாம் வீட்டுலதான இருந்தோம். வேலயே இல்லயே."

அவள் குழந்தையை எடை போடாமலே எழுந்து போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். டீச்சர் தராசைக் கழற்றி மூலையில் வைத்தார். என் பக்கம் ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்திவிட்டுத் தொட்டியைக் கலக்கப் போனார்.

அன்றைக்கே அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். விளக்கம் கேட்டார்கள், சம்பள உயர்வை நிறுத்தினார்கள், வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதெல்லாம் எனக்கு வர வேண்டியதுதான். மாற்றல் உத்தரவு வந்த பிறகு பீரோச் சாமான்களைக் கணக்கு ஒப்படைப்பதற்காகக் கடைசியாக அங்கே போன காலையில், பால்வாடி வாசலில் செல்வியின் அம்மா நின்றிருந்தாள். கையில் செல்வி. அவர்களுக்குப் பின்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து அம்மாக்கள் நாலைந்து பேர் தங்கள் பிள்ளைகளோடு. என்னை யாரும் பார்க்கவில்லை. நான் நிலையத்து வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

டீச்சர் உருண்டைத் தட்டோடு வெளியே வந்தார்.

"இனிமே இந்தக் கண்ணும் போகாதுல்ல டீச்சர்?" என்று செல்வியின் அம்மா கேட்டாள்.

போகாது என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இந்த ஒரு முறையாவது. அவர் தட்டைக் கீழே வைத்தார். குந்தி உட்கார்ந்து, செல்வியின் முகத்தை வெளிச்சப் பக்கம் திருப்பி, வலது கண்ணின் இமையைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தார். நேரமெடுத்துப் பார்த்தார். அதுவரைக்கும் அந்தப் பெண்கள் யாரும் அசையவில்லை.

"இன்னிக்கு நல்லாருக்கு" என்றார். "நாளைக்கும் அழைச்சிட்டு வா. பாக்குறேன்."